கை நீட்டியவருக்கு ஏன் கொடுக்கவில்லை?

எங்கள் தாமானில் ஒரு பெரியவர் தவறிப்போனார். முப்பதாம் நாள் பூசை கோலாலம்பூரில் ஒரு சர்ச்சில், புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு. பக்கத்து வீட்டு அக்காவை என் காரில் அழைத்துப் போனேன். அக்கா இந்து. இறந்தவர் வீட்டோடு இருபது வருடத்துக்கு மேல் தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் பலகாரத் தட்டு மாற்றிக்கொண்டவர், வராமல் இருப்பாரா?

நற்கருணை நேரம், அதாவது அப்பம் வழங்கும் நேரம் வந்ததும் எங்கள் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். அக்காவும் எழுந்தார். நான் கால்களை ஒதுக்கி வழிவிட்டேன். ஃபாதர் முன்னால் போய் நின்று, இடக்கை மேல் வலக்கையை வைத்து, லேசாகக் குழித்து நீட்டினார். தீர்த்தம் வாங்குகிற கை அது. கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் மாற்றி வைப்பார்கள். இடது உள்ளங்கை மேலே இருக்கும், அதில் அப்பத்தை வாங்கி, கீழே இருக்கும் வலக்கையால் எடுத்து அங்கேயே வாயில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கையைப் பார்த்ததுமே ஃபாதருக்குப் புரிந்திருக்க வேண்டும். குனிந்து ஏதோ கேட்டார். அக்கா ஏதோ சொன்னார். ஃபாதர் அவர் தலைக்கு மேல் கையை உயர்த்தி ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். எல்லாம் ஐந்து விநாடி. ஆனால் வெறுங்கையோடு திரும்பி நடந்து வருகிற தூரம் இருக்கிறதே, அது நீளமானது.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா இரண்டு கேள்வி கேட்டார். முதல் கேள்வி இது: “எல்லாருக்கும் குடுத்தாரு. எனக்கு மட்டும் ஏன் தம்பி இல்லேன்னுட்டாரு? கோயில்ல கை நீட்டினவங்களுக்குப் பிரசாதம் இல்லேன்னு சொல்வாங்களா?”

ஜாமில் ஊர்ந்துகொண்டே நான் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதில் கொஞ்சம் நீளம்.

அக்காவின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பந்தியில் உட்கார்ந்த ஒருவருக்கு இலை போடாமல் தாண்டிப் போவது என்றால் தமிழருக்கு அதன் அர்த்தம் என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதம் மாறினாலும் அது எளிதில் விட்டுப்போகவில்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு தேவாலயம் கட்டினார்கள். கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு தனித்தனிக் கூடங்கள், இரண்டும் சேரும் இடத்தில் ஒரே பீடம். ஒரு கூடம் ஒரு சாதிக்கு, மற்றது இன்னொரு சாதிக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பு இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி மலாயாவுக்கு வந்த காலமும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் ‘உனக்கு இல்லை’ என்ற சொல் எங்கே கேட்டாலும் நமக்கு முதலில் அந்தச் சுவர்தான் ஞாபகம் வரும்.

ஆனால் இன்றைய விதி அந்தச் சுவருக்கு நேர் எதிரானது. 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 912ஆம் பிரிவு, திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்று, சட்டத்தால் தடைசெய்யப்படாத எவரையும் நற்கருணைக்கு அனுமதிக்கலாம், அனுமதிக்கவும் வேண்டும் என்கிறது. இந்த ‘வேண்டும்’தான் முக்கியம். சாதியோ பணமோ உடையோ பார்த்து, பிடிக்காத ஆள் என்று பார்த்து, ஒரு குருவானவர் மறுக்க முடியாது. மறுக்கக் காரணம் சட்டத்தில் இருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், தகுதியில்லாமல் உண்பதைப் பற்றிய பழைய எச்சரிக்கையே ஒரு பந்திச் சண்டையில்தான் பிறந்தது. கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் கூடி உண்ணும்போது, வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்து வெறியேறியிருக்க, ஏழைகள் பசியோடு இருந்தார்கள். அந்தச் செய்தி கேட்டுக் கொதித்துப்போய்ப் பவுல் எழுதிய கடிதத்தில்தான், 11ஆம் அதிகாரத்தில், அந்த வரிகள் வருகின்றன: தகுதியற்ற முறையில் இந்த அப்பத்தை உண்பவர் ஆண்டவரின் உடலுக்கு எதிராகக் குற்றம் செய்கிறார், ஒவ்வொருவரும் தம்மையே சோதித்து அறிந்த பிறகு உண்ணட்டும். பந்தி வஞ்சனை செய்கிறவன்தான் இந்த மேசைக்குத் தகுதியில்லாதவன் என்பது அதன் முதல் அர்த்தம். பின்னால் வந்த நூற்றாண்டுகளில் அந்த வரியின் மேல் பெரிய சட்டக் கட்டடமே எழும்பியது. அடித்தளத்தில் இருப்பது பசியோடு ஓரமாக நின்ற ஏழை என்பது பல பிரசங்கங்களில் காணாமல் போய்விடுகிறது.

சரி, பிரசாத விஷயத்துக்கு வருவோம். சாமிக்குப் படைத்தது பிரசாதம். சாமி ஏற்றுக்கொண்டு மீதியை அருளாகத் திருப்பிக் கொடுக்கிறது. அது வெளியே போகப் போகப் பெருமை. பக்தர் வாங்குவார், பக்தரின் பிள்ளைக்குக் கொஞ்சம், வேலையிடத்துச் சீனத் தோழிக்குக் கொஞ்சம், டிஷ்யூவில் மடித்துப் பையில் கொஞ்சம். வாங்குகிறவர் எதையும் நம்புவதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நற்கருணையைப் பற்றிக் கத்தோலிக்கர் சொல்வது வேறு. அது கடவுளுக்குப் படைத்ததன் மீதி அல்ல, கிறிஸ்துவே என்கிறார்கள். குரு இயேசுவின் சொற்களைச் சொன்னதும் அப்பம் தோற்றத்திலும் ருசியிலும் அப்பமாகவே இருந்தாலும், உள்ளபடி அது கிறிஸ்துவின் உடலாக மாறிவிட்டது என்பது நம்பிக்கை. 1215இல் ஆயர்களின் (பிஷப்புகளின்) மாநாடான நான்காம் லாத்தரன் சங்கம் இதற்கு ‘பொருள் மாற்றம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது. 1551இல் திரிதெந்து சங்கம் புராட்டஸ்டண்டுகளுக்குப் பதிலாக அதை மீண்டும் அடித்துச் சொன்னது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் நம்புகிறவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால், இது ஏட்டில் மட்டும் இருக்கும் கோட்பாடு இல்லை என்று தெரியும். ஓர் அப்பம் தரையில் விழுந்தால் குரு உடனே குனிந்து எடுத்துத் தாமே உட்கொள்வார், அல்லது தண்ணீரில் கரையவிட்டு, சாக்கடைக்குப் போகாமல் நேரே மண்ணுக்குள் இறங்கும் தனித் தொட்டியில் ஊற்றுவார்கள். பூசை முடிந்ததும் பாத்திரத்தில் ஒட்டிய துகளைக்கூடத் தண்ணீர் விட்டு அலசிக் குடித்துவிடுவார். மீதியான அப்பங்களைப் பேழையில் பூட்டி வைத்து, பக்கத்தில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வார்கள். (அப்பம் என்றதும் நமக்கு ஆப்பச்சட்டி ஞாபகம் வரும். அரிசி மாவு இங்கே செல்லாது. கோதுமையும் தண்ணீரும் மட்டும்தான்.)

எனவே பிரசாதத்தோடு ஒப்பிட்டால் கணக்கு இடிக்கிறது. கருவறையோடு ஒப்பிட்டால் கொஞ்சம் பக்கத்தில் வரலாம். கருவறைக்குள் யார் போகலாம் என்று நம்மிடம் பெரிய வழக்குகளே நடந்திருக்கின்றன. இங்கே திசை தலைகீழ். கருவறை எழுந்து வந்து வரிசையில் நிற்கும் ஆளுக்குள் போகிறது. அப்படி நினைக்கிறவர்கள் “முதலில் நீ யார், இது என்னவென்று தெரியுமா?” என்று கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அந்தக் கேள்வி ரொம்பப் பழையது. டிடாக்கே என்று ஒரு சிறு நூல், மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகளில் ஒன்று. ஆண்டவர் பெயரால் திருமுழுக்குப் பெறாத எவரும் இதை உண்ணவோ பருகவோ வேண்டாம் என்று அதிலேயே இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் இருந்த யுஸ்தின் என்ற கிறிஸ்தவ அறிஞர் மூன்று நிபந்தனை எழுதினார்: நாங்கள் கற்பிப்பது உண்மை என்று நம்ப வேண்டும், திருமுழுக்குப் பெற்றிருக்க வேண்டும், கிறிஸ்து சொன்னபடி வாழ வேண்டும். நம்பிக்கை, சேர்க்கை, வாழ்க்கை. ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்குப் பிறகும் விதி இந்த மூன்றைச் சுற்றித்தான் ஓடுகிறது. அந்தக் காலத்தில் மதத்தில் சேர ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர்களைக்கூட, வேத வாசகமும் பிரசங்கமும் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பார்க்கவே முடியாது. அதை நினைத்தால் அக்காவுக்கு உட்கார இடமாவது கிடைத்தது.

குரு “கிறிஸ்துவின் திருவுடல்” என்பார், வாங்குகிறவர் “ஆமென்” என்பார். இதைத்தான் நான் காரில் அக்காவுக்குச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். பழங்காலத் திருச்சபையின் பேரறிஞர் அகுஸ்தீனார் ஒரு பிரசங்கத்தில், அந்த ஆமென் ஒரு கையெழுத்து என்கிறார். பீடத்தில் இருப்பதும் கிறிஸ்துவின் உடல், வரிசையில் நிற்கும் நீங்கள் எல்லாரும் சேர்ந்ததும் கிறிஸ்துவின் உடல், நீங்கள் எதுவோ அதற்கே ஆமென் சொல்கிறீர்கள், அது பொய்யாகாமல் இருக்க அந்த உடலின் உறுப்பாக இருங்கள் என்கிறார். அப்படியானால் வாங்குவது என்பது ஓர் உணவை ஏற்பது மட்டும் இல்லை, ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது. படித்துப் பார்க்காத பத்திரத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் கையெழுத்தை வாங்குவது மரியாதையா? ஃபாதர் மறுத்ததில் இந்த அக்கறையும் இருந்தது என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஐந்து விநாடியில் அதை யாருக்கும் விளக்க முடியாது. பூசைக்கு முன்பே மைக்கில் இரண்டு வரி சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பல இடங்களில் சொல்கிறார்கள்: ஆயத்தமாக இருக்கும் கத்தோலிக்கர்கள் வாருங்கள், மற்றவர்கள் கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு வந்து ஆசி பெறலாம். இந்தக் கை கட்டும் வழக்கத்துக்கு வழிபாட்டு நூலில் விதி கிடையாது, பழக்கத்தில் வந்ததுதான். ஆனாலும் வெறுங்கையோடு திரும்புவதற்கு இது எவ்வளவோ மேல்.

சரி, இந்துவுக்கு இல்லை என்பது புரிகிறது. இன்னொரு கிறிஸ்தவருக்கும் ஏன் இல்லை? இதைப் புரிந்துகொள்ள பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நடை போனால் போதும். கத்தோலிக்க சர்ச், தமிழ் மெதடிஸ்ட் சர்ச், தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் லுத்தரன்களின் சர்ச், மலையாளிகளின் சிரியன் ஆர்த்தடாக்ஸ் பேராலயம் என்று நடக்கிற தூரத்துக்குள் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அப்பமும் திராட்சை ரசமும் உண்டு.

மெதடிஸ்டுகள் பொதுவாகத் திறந்த மேசைக்காரர்கள், வந்தவரை வா என்பார்கள். கத்தோலிக்கச் சட்டம் 844ஆம் பிரிவில் படிப்படியாகப் பிரிக்கிறது. ஆர்த்தடாக்ஸ் மலையாளி தாமாக வந்து கேட்டு, தகுந்த மனநிலையில் இருந்தால் கொடுக்கலாம். (அவருடைய சொந்தச் சபை அதை விரும்பாது என்பது வேறு கதை.) லுத்தரன் தமிழருக்குச் சாதாரணமாகக் கொடுக்க முடியாது. மரண ஆபத்து, அல்லது ஆயர் ஏற்கும் கடும் தேவை, தம் சபைப் போதகரை அணுக முடியாத நிலை, தாமே கேட்பது, நற்கருணையைப் பற்றிக் கத்தோலிக்க நம்பிக்கையை ஏற்பது, நல்ல மனநிலை என்று எல்லாம் கூடி வந்தால்தான்.

இதில் ஒரு முரண் தெரியும். லுத்தரும் கிறிஸ்து அப்பத்தில் உண்மையாகவே இருக்கிறார் என்று நம்பியவர்தான், வெறும் அடையாளம் என்று சொன்னவர்களோடு மல்லுக்கு நின்றவர். அப்படியிருக்க ஆர்த்தடாக்ஸுக்கு ஆமாம், லுத்தரனுக்கு இல்லை என்பது ஏன்? கத்தோலிக்கப் பதில் குருத்துவத்தைப் பற்றியது. திருத்தூதர்களிடமிருந்து ஆயர் வழியாக அறுபடாமல் வந்த கை வைப்பு ஆர்த்தடாக்ஸில் இருக்கிறது, சீர்திருத்தச் சபைகளில் அறுந்துவிட்டது, ஆகவே அங்கே நற்கருணையின் முழு உண்மை காக்கப்படவில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1964இல் சொன்னது. லுத்தரன் நண்பருக்கு இது காதில் இனிக்காது. விதி இரு பக்கமும் வெட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கர் அவர்கள் சர்ச்சுக்குப் போனால் அவரும் அங்கே வாங்கக் கூடாது.

கலப்புத் திருமணம் செய்தவர்களுக்குத்தான் இது வீட்டுக்குள் வரும் சிக்கல். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் எழுந்து போக மற்றவர் இருக்க வேண்டும். 2015 நவம்பரில் ரோமில் உள்ள லுத்தரன் ஆலயத்துக்குப் போன பிரான்சிஸ் பாப்பரசரிடம், கத்தோலிக்கரை மணந்த ஒரு பெண் நேராகவே கேட்டார். அவர் விதியை மாற்றவில்லை, ஒரு நேரடிப் பதிலும் தரவில்லை. ஆண்டவரோடு பேசுங்கள், முன்னே போங்கள், இதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை என்ற மாதிரிச் சொல்லி நிறுத்தினார். 2018இல் ஜெர்மன் ஆயர்கள் இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு வழிகாட்டி ஒன்று தயாரித்தபோது, ரோம் அது இன்னும் பழுக்கவில்லை என்று நிறுத்தி வைத்தது.

இதுவரை பேசியது வெளியே நிற்பவர்களைப் பற்றி. உள்ளே இருப்பவர்களுக்கும் கதவு உண்டு. அதைக் காப்பது குரு இல்லை, அவரவர் மனசாட்சி.

916ஆம் பிரிவு, கனமான பாவத்தில் இருப்பதாக உணர்கிறவர் குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்கக் கூடாது என்கிறது. பழைய ஆட்கள் ‘சாவான பாவம்’ என்பார்கள். இதை அக்காவுக்கு விளக்குவது சுலபமாக இருந்தது. “பத்துமலைக்கு விரதம் இல்லாம காவடி எடுப்பீங்களாக்கா?” என்றேன். “ச்சே!” என்றார். விரதம் இருந்தாயா என்று காவடியைத் தோளில் ஏற்றுகிறவர் சோதனை போடுவதில்லை. எடுப்பவருக்குத் தெரியும். இங்கேயும் அதே மாதிரிதான்.

குருவுக்குத் தெரிந்தாலும்கூட, ரகசியப் பாவி ஒருவர் எல்லார் முன்னிலையிலும் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். மறுத்தால் அவர் மானம் போகும். இதற்கு அவர் யூதாசைக் காட்டுகிறார். காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும் கடைசி இராவுணவில் இயேசு அவனுக்கும் கொடுத்தார் என்பது அவர் கருத்து. கோர்ட்டில் நிரூபிக்க முடியாததை வைத்து வரிசையில் ஒருவரை அவமானப்படுத்தாதே என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தெளிவாக இருந்திருக்கிறது.

உண்ணா நோன்பும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததுதான். என் பாட்டி காலத்தில் நடுராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் படக் கூடாது. காலைப் பூசைக்குப் புறப்படும்போது பல் துலக்கித் துப்பும்போதும் ஒரு சொட்டு உள்ளே போய்விட்டதோ என்று பயப்படுவார்களாம். மாலைப் பூசைகள் பெருக முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். 1953இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு விலக்குத் தந்தார், 1957இல் மூன்று மணி நேரமாக்கினார், 1964இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் ஒரு மணி நேரமாகக் குறைத்தார். இன்று நற்கருணை வாங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதுவும் இல்லை.

மலேசியத் தமிழ்க் கத்தோலிக்கர்களைப் பெஞ்சிலேயே உட்காரவைக்கும் காரணம் பெரும்பாலும் கல்யாணம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே தவறான நம்பிக்கைகளும் அதிகம்.

நம் ஊரில் கத்தோலிக்கப் பெண் இந்துப் பையனைக் கட்டுவதும், மாறி நடப்பதும் சர்வ சாதாரணம். மாரியம்மன் கோயிலில் தாலி, பதிவிலாகாவில் கையெழுத்து. 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி முஸ்லிம் அல்லாதவரின் எல்லாத் திருமணங்களும் பதிவாக வேண்டும். நாட்டுச் சட்டத்துக்கு அது முழுத் திருமணம். ஆனால் கத்தோலிக்கர் திருச்சபை முறைப்படி, குருவும் இரண்டு சாட்சிகளும் இருக்க மணக்க வேண்டும், இல்லையென்றால் ஆயரிடம் முன்கூட்டியே விலக்கு வாங்கியிருக்க வேண்டும் என்பது சர்ச்சின் விதி. இரண்டும் இல்லையென்றால் சர்ச்சின் பார்வையில் அந்தக் கல்யாணம் செல்லாது, நற்கருணையும் இல்லை. அப்படி உட்கார்ந்துவிட்டவர்களை எல்லாப் பங்கிலும் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள், புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்திருப்பார்கள், பிள்ளை போய் வாங்குவதைப் பெஞ்சில் இருந்து பார்ப்பார்கள்.

அவர்களில் பலருக்குத் தெரியாதது, இது பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய விஷயம். இந்துக் கணவர் மதம் மாறத் தேவையில்லை. ஆயரின் விலக்கோடு, ஆர்ப்பாட்டம் இல்லாமல், சர்ச்சில் சம்மதத்தைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கணவர் சர்ச் வாசலை மிதிக்கவே மாட்டேன் என்றால்கூட, பழைய சம்மதத்தையே செல்லுபடியாக்கும் வழி ஒன்று சட்டத்தில் உண்டு. ஃபாதரிடம் போய்க் கேட்க வேண்டும். நம் ஆட்கள் வெட்கத்தில் கேட்பதில்லை, ஃபாதர்களும் எல்லா நேரமும் தேடி வந்து சொல்வதில்லை.

இன்னொன்று, விவாகரத்து ஆனாலே நன்மை வாங்கக் கூடாது என்ற பேச்சு. தவறு. பிரிந்து தனியாக வாழ்பவருக்கு விவாகரத்து ஒரு தடையே இல்லை. முதல் துணை உயிரோடு இருக்க, முதல் திருமணம் செல்லாது என்ற தீர்ப்பும் இல்லாமல், இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால்தான் சிக்கல். 1981இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், அப்படிப்பட்டவர்கள் பிரிய முடியாத நிலையில் அண்ணன் தங்கைபோல வாழ்ந்தால் வாங்கலாம் என்றார். பிரான்சிஸ் 2015இல் செல்லாமைத் தீர்ப்பு வாங்கும் வழியைச் சுருக்கினார். அடுத்த வருடம் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலில், 351ஆம் அடிக்குறிப்பில், சில சூழல்களில் நற்கருணை போன்ற அருட்சாதனங்களின் உதவியும் கிடைக்கலாம் என்று ஒரு வரி போட்டார். நற்கருணை நிறைவானவர்களுக்குத் தரும் பரிசு அல்ல, பலவீனருக்கு மருந்து என்ற அவருடைய பேச்சும் அதே குறிப்பில் இருக்கிறது. அந்த ஓர் அடிக்குறிப்பை வைத்துக் கர்தினால்களே இரண்டு அணியானார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது: இவ்வளவு பெரிய முடிவை ஏன் பக்கத்தின் அடியில் வைத்தார்?

குருவே கதவை மூடுகிற நேரமும் உண்டு. அது 915ஆம் பிரிவு: சபை நீக்கம் செய்யப்பட்டவர்களும், ஊரறிந்த கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைத்திருப்பவர்களும். 390இல் தெசலோனிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று குவிக்கவைத்த பேரரசர் தெயோதோசியுசை, பரிகாரம் செய்யும்வரை மிலான் ஆயர் அம்புரோஸ் நற்கருணையிலிருந்து விலக்கி வைத்தார். 2022இல் சான் பிரான்சிஸ்கோ பேராயர் கருக்கலைப்புச் சட்டத்தை ஆதரித்ததற்காக அமெரிக்க அரசியல்வாதி நான்சி பெலோசிக்கு மறுத்தார். முதலாவதைச் சரித்திரம் கொண்டாடுகிறது, இரண்டாவதில் கத்தோலிக்கர்களே பிளந்து கிடக்கிறார்கள். மலேசியாவில் இப்படி ஓர் அரசியல் சண்டை வந்ததில்லை.

இங்கே வந்தது வேறொன்று. 2009 மே மாத இதழில் ஒரு மலாய் மாதப் பத்திரிகை ஒரு கட்டுரை போட்டது. முஸ்லிம் இளைஞர்கள் மதம் மாறுகிறார்களா என்று விசாரிக்க அதன் நிருபர்கள் இருவர் கோலாலம்பூரில் சர்ச்சுக்குள் போய், வரிசையில் நின்று அப்பத்தை வாங்கி, வாயில் போட்டுத் துப்பிப் படம் எடுத்திருந்தார்கள். படம் அச்சிலும் வந்தது. போலீஸ் புகார் போனது. புண்படுத்தும் நோக்கம் இல்லை, அறியாமையில் செய்தது என்று சொல்லிச் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் வழக்குத் தொடரவில்லை. அப்போதைய பேராயர் மர்ஃபி பாக்கியம் அந்த முடிவைக் கண்டித்துப் பகிரங்கமாகப் பேசினார். 2010 மார்ச்சில் பத்திரிகை மன்னிப்புக் கேட்டது, அவரும் ஏற்றுக்கொண்டார்.

அந்தப் படத்தைப் பார்த்த ஒரு கத்தோலிக்கருக்கு என்ன ஆகியிருக்கும் என்று, பேழையைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பார்த்தால் தெரியும். வரிசையில் அறிமுகமில்லாத முகம் வந்தால் கொஞ்சம் உற்றுப் பார்ப்பதும், அங்கேயே வாயில் போட்டுக்கொள்கிறாரா என்று கவனிப்பதும் சந்தேகப் புத்தியால் மட்டும் இல்லை. அதே கண்ணில் டிஷ்யூவோடு வரும் ஓர் இந்துப் பாட்டியும் படுகிறார் என்பதுதான் சங்கடம்.

ஜூலையில் நாங்கள் பினாங்குப் பக்கம் பி.எம்.முக்குப் போனபோது அக்காவும் வந்தார். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு ஜூலை 26 திருநாளை ஒட்டிக் கூடும் கூட்டத்தில் கத்தோலிக்கர் எத்தனை, இந்து எத்தனை, சீன பௌத்தர் எத்தனை என்று யாராலும் பிரிக்க முடியாது. அக்கா மெழுகுவர்த்தி ஏற்றினார். மலையடி ஊற்றுத் தண்ணீரைப் பெரிய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டார், பேரப்பிள்ளைக்கு ஒரு சின்ன பாட்டிலும். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். மந்திரித்த தண்ணீர், மெழுகுவர்த்தி, ஆசீர்வாதம் எல்லாம் கத்தோலிக்கர் அல்லாதவருக்கும் கொடுக்கலாம் என்பதும் அதே சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அக்கா தேடிய பிரசாதம் கத்தோலிக்கத்தில் இல்லாமல் இல்லை. அது வேறு இடத்தில் இருக்கிறது. பூசையில் நற்கருணை நேரம் வந்தபோது, இந்த முறை எங்களோடு வந்த மற்றவர்களுக்கு வழிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டு, பாட்டிலை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் இரண்டாவது கேள்வியைச் சொல்லவில்லையே. அந்தப் புதன்கிழமை ராத்திரி, காரை வீட்டு வாசலில் நிறுத்தியபோது கேட்டது.

“சரி, நான் இந்து. நீ ஏன் தம்பி போகல?”

“கறிபாப் சாப்பிட்டுட்டேங்க்கா,” என்றேன். “சாப்பிட்டுட்டுப் போகக் கூடாது.”

அக்கா தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கறிபாப் சாப்பிட்டது ஆபீசில், நாலு மணி டீயோடு.